பேட்டரிப் பெட்டியில் மிச்சமிருந்த இடம்

என்னைத் திருடன் என்று சொன்னது ஒரு ஃபோம் துண்டை வைத்து. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம், குப்பைத் தொட்டியில் கிடந்தது. மாதங்கள் போய்விட்டன. இப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது திடீரென்று நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் சரக்கு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று என் வலது கணுக்கால் மேல் ஏறி இறங்கியது. நடக்கிறேன், படி ஏறுகிறேன், எட்டு மணி நேரம் நிற்கவும் செய்கிறேன். மோட்டார் சைக்கிளை மட்டும் உதைத்துக் கிளப்ப முடியாது. உதைத்தால் உள்ளே ஆணி இறங்குகிற மாதிரி வலிக்கும். அதனால் என் வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்தாக வேண்டும். அதற்கு பேட்டரி நன்றாக இருந்தாக வேண்டும்.

பேட்டரி படுத்துவிட்டால் யாரையாவது கேட்க வேண்டும். "வண்டியக் கொஞ்சம் உதைச்சுக் குடுங்க." மற்றவர்களுக்கு இது சாதாரணம். எனக்கு இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே நான் வாய் திறக்கவில்லை, அண்ணன்தான் பேசினார். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் பேசாமல் வந்துவிடுகிற ஆள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் வண்டியை எடுக்கும்போது நான் சீட்டைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டிருப்பேன். கூட்டம் போகட்டும், யாராவது ஒருவர் தானாகப் பார்த்து வரட்டும் என்று காத்திருப்பேன்.

தானாகப் பார்த்து வருகிறவர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என் லைனிலேயே வேலை. உதவி செய்வார். ஆனால் ஊருக்கே கேட்கிற மாதிரி செய்வார்.

"என்ன அண்ணாச்சி, வண்டியக் குளிப்பாட்டியாச்சா? பொட்டு வச்சுப் பூவும் சுத்திருவோமா? தள்ளுங்க, ஒரு மிதி மிதிக்கேன்."

எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே உதையில் வண்டி கிளம்பிவிடும். "கெழவன் எந்திச்சுட்டான், கூட்டிட்டுப் போங்க" என்பார். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறுவேன். ராயக்கோட்டை வந்து சேர்கிற வரை முகம் எரிந்துகொண்டிருக்கும்.

சாதாரண பேட்டரி என் வண்டியில் ஒன்றரை வருஷம்கூட நின்றதில்லை. மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் விடியற்காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பட்டனை அழுத்தினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வரும். வீட்டிலென்றால் என் மனைவி பின்னாலிருந்து தள்ளுவாள். அவள் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். அவளும் அதிகாலையில் கிளம்ப வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டிலிருந்து தள்ளுவாள். அது எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும்.

நான் வேலை பார்ப்பது சூளகிரிக்கு இந்தப் பக்கம், மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். காண்டிராக்ட் ஆள். எட்டு வருஷமாக லித்தியம் செல்களின் மேல் தகடு வைத்துப் போல்ட் முடுக்குகிறேன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனாலும் தினம் கையில் தொடுகிற பொருளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியாதா? சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்காது, பட்டனைத் தொட்டதும் வேகமாக இழுக்கும், எடை மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் சைக்கிளுக்கும் அந்த மாதிரி பேட்டரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், விலை அதிகமென்றாலும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இனி யாரையும் கேட்க வேண்டாம். அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

ராயக்கோட்டை மெக்கானிக் சிரித்தார்.

"உங்க வண்டிக்கு லித்தியமாண்ணா? எங்க, ரேஸுக்குப் போறீங்களா?"

"இல்லப்பா. செல்ஃபு எடுக்கணும்."

"வண்டில ரெண்டு கிலோ கொறையும். அந்த ரெண்டு கிலோவுக்குத் தக்காளி ஏத்திக்கோங்க, அண்ணி சந்தோசப்படுவாங்க."

கிண்டல் செய்தாலும் வேலையில் சுத்தமான ஆள். ஓசூரிலிருந்து பேட்டரியை வரவழைத்தார். மாட்டும் முன் எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். "பதினாலர வோல்ட்டத் தாண்டி சார்ஜ் ஏறுச்சுன்னா இது செத்துடும்ணா. பழைய வண்டி, அதான் பாக்கறேன்." தாண்டவில்லை. குளிர் நாளில் முதலில் ஹெட்லைட்டை அரை நிமிஷம் எரியவிட்டு அப்புறம் பட்டனை அழுத்தச் சொன்னார். உள்ளே கொஞ்சம் சூடேறினால்தான் இழுக்குமாம். பில்லும் எழுதிக் கொடுத்தார்.

அன்று பேட்டரியை மாட்டாமல் வீட்டுக்கே கொண்டு வந்தேன். என் கையாலேயே மாட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. மனைவி அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் ஆட்டினாள். மண்டியில் கையாலேயே எடை சொல்லுகிறவள் அவள்.

"ஒண்ணேகால் கிலோ கூட வராது. டப்பாவ மட்டும் குடுத்து அனுப்பிட்டானா?"

"அவ்ளோதான் இருக்கும்."

"இந்த எடைக்கு இவ்ளோ விலையா? நல்லா ஏமாந்தீங்க."

பழைய பேட்டரியைக் கழற்றினேன். பெட்டியின் அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது, சுரண்டித் துடைத்தேன். புதியதை வைத்தால் அது அந்தப் பெட்டிக்குள் தொலைந்துபோனது. பக்கத்தில் மூன்று விரல் இடைவெளி, மேலே இரண்டு விரல். கூட வந்த ஒட்டுப் பஞ்சு போதவில்லை. எங்கள் ரோட்டில் இப்படியே ஓட்டினால் ஒரு வாரத்தில் ஆடி ஆடி முனையில் போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் என்ன செய்யும் என்று நாள் முழுக்கப் போல்ட் முடுக்குகிற எனக்குத் தெரியும். எதையாவது வைத்து இறுக்க வேண்டும். வீட்டில் ஃபோம் இருந்தது.

அந்த ஃபோம் எங்கள் கம்பெனிக்கு வரும் செல் பெட்டிகளுக்குள் இருப்பது. ஒரு தட்டு செல், ஒரு தட்டு ஃபோம் என்று அடுக்கி வரும். செல்லை எடுத்ததும் ஃபோம் வேலை முடிந்தது. பின்பக்கம் உள்ள நீலத் தொட்டியில் போடுவோம், வாரம் ஒருமுறை லாரி வந்து அள்ளிப் போகும். லாரி வருவதற்கு முன் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இது நான் சேர்ந்த நாளிலிருந்து நடப்பது. எங்கள் ஏஜென்சியின் சூப்பர்வைசரே கையில் அள்ளிக் கொடுப்பார். "எடுத்துக்கோங்கய்யா, லாரிக்காரன் திங்கவா போறான்?" என்பார். அந்த வட்டாரத்தில் எங்கள் ஆட்கள் குடியிருக்கிற எந்த வீட்டுக்குள் போனாலும் சாம்பல் நிறம் கண்ணில் படும். தலையணை, தொட்டில், தையல் மிஷின் ஸ்டூல். என் வீட்டில் இரவில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு திண்டு. ஒவ்வொரு ஃபோமின் ஓரத்திலும் கறுப்பு மையில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். யாரும் அதைக் கவனித்ததில்லை.

அரிவாள்மனையில் அளவாக நறுக்கினேன். மூன்று துண்டு. பேட்டரி அசையாமல் உட்கார்ந்தது.

அடுத்த நாள் காலை ஹெட்லைட்டைப் போட்டேன். அரை நிமிஷம் எண்ணினேன். கட்டைவிரலை வைத்ததுதான் தெரியும், வண்டி உறுமியது. வாசலில் நின்ற மனைவி, "டப்பாவுக்குள்ள என்னமோ இருக்குதுதான்" என்றாள்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட நான் யாரையும் எதற்கும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு மற்றவர்களோடு சேர்ந்து வண்டியை எடுத்தேன், கூட்டத்தின் நடுவிலேயே. சீட்டைத் துடைக்கவில்லை. இதை ஒரு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எனக்கு அது அப்படித்தான் இருந்தது.

கெடுத்தது தூத்துக்குடிக்காரரின் வாய். கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டு நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணாச்சி இப்பம்லாம் நம்மள மதிக்க மாட்டாரு. வண்டில லித்தியம் போட்டிருக்காரு லித்தியம்! இங்க கட்டுறது பத்தாதுன்னு வீட்டுக்கும் கொண்டு போயிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "காசு குடுத்து வாங்குனதுப்பா" என்று ஒரு வரி அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சிரித்தேன்.

அந்த வாரம்தான் ஸ்டோரில் செல் குறைகிறது என்று பேச்சு வந்திருந்தது. ஒரு பெட்டியைக் காணவில்லையாம். கேட்டில் சோதனை பலமானது. சாப்பாட்டுப் பையைத் திறந்தார்கள், சீட்டைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து வரிசையில் போகும்போது செக்யூரிட்டி என்னை மட்டும் கை காட்டினார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், காவேரிப்பட்டினம் பக்கம். என் வயதுதான் இருக்கும். அதுவரை என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார்.

"வண்டிய ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன்.

"உன் வண்டில லித்தியம் இருக்குதாமே?"

"ஆமாங்க."

"எங்க எடுத்த?"

"வாங்குனதுங்க. ராயக்கோட்டைல, மெக்கானிக்..."

"பில்லு?"

"வீட்ல இருக்குதுங்க."

"வீட்ல! இங்க மாட்டுறவன் எல்லாருக்கும் பில்லு வீட்லதான் இருக்குது. தொற மூடிய."

பக்க மூடியைத் திறந்தேன். அவரே கையை விட்டு பேட்டரியை இழுத்தார். இறுக்கமாக இருந்ததால் ஃபோமும் சேர்ந்து வந்து கீழே விழுந்தது. நம்பர் மேலே தெரியும்படி விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டினார்.

"இது யாரு நம்பருய்யா? ராயக்கோட்டை மெக்கானிக் நம்பரா? வெளிய பெட்டி மட்டும் வேற, உள்ள நம்ம செல்லு. மெத்தை போட்டுக் கொண்டு போயிருக்கறான் பாரு!"

போனில் எங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் பலகை உடைந்து ரொம்ப நாளாகிறது. அதன் மேல் ஃபோம் இரண்டு அடுக்கி நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. சாம்பல் நிறம். அவருடைய தொடைக்குப் பக்கத்தில், ஓரத்தில், கறுப்பு மையில் அதே நம்பர்.

நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். கையை நீட்டிக் காட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. கை எழவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பங்கு என்றால், தொங்கிக்கொண்டிருந்த என் கையின் மேல் இருக்கிற கோபம் பத்துப் பங்கு.

சூப்பர்வைசர் வந்தார். ஃபோமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுத்துக்கச் சொன்னதே நான்தான்" என்று அவர் சொல்லியிருந்தால் ஃபோம் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ஏன்யா இப்படிப் பண்ண? எட்டு வருசமா உன்ன நல்லவன்னு நெனச்சுட்டிருந்தேனே."

நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். தூத்துக்குடிக்காரர் மூன்றாவது வண்டியில் நின்றார். யாராவது ஒருவர் தொட்டியைப் பற்றிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் பார்த்தேன். அவர் குனிந்து தன் வண்டியின் செயினைப் பார்க்க ஆரம்பித்தார். தூக்கத்திலும் மூடாத வாய் அது. அன்று மூடிக்கொண்டது.

சூப்பர்வைசர் என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"பாரு, மெமோல திருட்டுன்னு ஏறிடுச்சுன்னா ஓசூர்லருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு கேட்டுலயும் உன்ன உள்ள விடமாட்டாங்க. ஏஜென்சி எல்லாம் ஒரே வாட்சப் குரூப்பு, போட்டோவோட போட்டுருவானுங்க. இந்த வயசுல, இந்தக் கால வெச்சுக்கிட்டு எங்க போவ? நாளைக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிட்டு வந்துரு. கம்பெனிப் பொருள எடுத்தது என் தப்பு, இனிமே செய்ய மாட்டேன். ரெண்டே வரி. எச்.ஆர். மேடம்கிட்ட நான் பேசிக்கறேன்."

எனக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு வரியில் ஃபோம் என்ற வார்த்தையே இல்லை. "கம்பெனிப் பொருள்." அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் காணாமல் போன செல் பெட்டியும் என் தலையில்தான். அது எனக்குப் புரியாது என்று நினைத்தார். பேசாதவனுக்குப் புரியாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

பேட்டரியையும் ஃபோமையும் கேட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். என் வண்டி பழைய ரகம், பேட்டரி இல்லாவிட்டாலும் உதைத்தால் கிளம்பும். நான் வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் தூத்துக்குடிக்காரர் பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நில்லுங்க. ஒரு மிதி மிதிச்சுத் தாரேன்."

"வேணாம்."

"அட, கோவிக்காதீங்க. நான் என்ன பண்ணட்டும், எனக்கும் புள்ளகுட்டி இருக்கு..."

"வேணாம்னு சொன்னேன்ல."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது கிடையாது. வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. கம்பெனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் வழி சரிவு. அந்த இடம் வரை வெயிலில் தள்ளினேன். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து, நொண்டிக் காலால் நாலு எட்டு ஓடி ஏறிக் கிளட்சை விட்டேன். ஒருமுறை குலுங்கி நின்றது. மறுபடி ஓடினேன். இரண்டாவது தடவை கிளம்பியது. கணுக்கால் வீங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டது அந்தத் திண்டு. எடுத்து வாசலில் வீசினேன். ஸ்டூலில் இருந்த ஃபோமையும் பிய்த்து வீசினேன். மண்டியிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்த மனைவி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். நாற்காலியைப் பற்றியும் சொன்னேன்.

அவள் வாசலுக்குப் போய்த் திண்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"இத எதுக்கு எறியறீங்க, இது என்ன பண்ணுச்சு? எறியறதுன்னா அவன் மூஞ்சில எறிஞ்சிருக்கணும்."

"எனக்குப் பேச வரல."

"வராதுன்னு தெரியும். இருபத்தஞ்சு வருசமா பாத்துட்டுத்தான இருக்கறேன். எழுதுங்க. எழுதறதுக்கு வாய் எதுக்கு? கையெழுத்து முத்து மாதிரி இருக்குதுன்னு சொல்லித்தான எங்கப்பன்கிட்ட பொண்ணு கேட்டாங்க உங்க அண்ணன்."

ரூல் போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எனக்குத் தெரிந்த கடிதம் பள்ளிக்கூடத்தில் பழகிய விடுப்பு விண்ணப்பம் ஒன்றுதான். அந்த அமைப்பிலேயே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் என்ற இடத்தில் "என் வண்டியில் இருந்த பேட்டரியும் ஃபோமும்" என்று எழுதினேன். பிறகு உள்ளதை எழுதினேன். பேட்டரி ராயக்கோட்டையில் வாங்கியது, பில் இணைத்துள்ளேன். ஃபோம் பின்பக்க நீலத் தொட்டியில் போட்டது. எடுத்துக்கொள்ளச் சொன்னவர் எங்கள் சூப்பர்வைசர். எட்டு வருஷமாக எல்லோரும் எடுக்கிறோம். அதே நம்பர் உள்ள ஃபோம் இரண்டு செக்யூரிட்டி உட்காரும் நாற்காலியில் கட்டியிருக்கிறது. நான் எடுத்தது திருட்டு என்றால் அதுவும் திருட்டு. அதனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசியில் பழக்கத்தில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று எழுதிவிட்டேன். பார்த்துவிட்டு, அடித்தேன். ஒரு கோடு அல்ல, எழுத்து தெரியாதபடி அடித்தேன்.

மறுநாள் என்னை லைனுக்கு விடவில்லை. எச்.ஆர். அறைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அந்த மேடம் சின்ன வயது, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண், கன்னடம். தமிழ் பேசினால் புரியும், ஓரளவு பேசவும் செய்வார், படிக்கத் தெரியாது. இது எனக்குத் தெரியும். ஆனால் யாரை வைத்துப் படிக்கச் சொல்வார் என்று நான் யோசிக்கவில்லை.

சூப்பர்வைசர் என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்க்காமலேயே மேடத்திடம் நீட்டினார். "லெட்டர் எழுதிட்டாரு மேடம்." செக்யூரிட்டி கதவருகில் பேட்டரியோடும் ஃபோமோடும் நின்றார். மேடம் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடமே கொடுத்தார். "ஓதி" என்றார். படியுங்கள் என்று அர்த்தம்.

அவர் சத்தமாக ஆரம்பித்தார். தான் சொன்ன இரண்டு வரி இருக்கும் என்ற தைரியம். ராயக்கோட்டை, பில் வரை நன்றாகப் போனது. நீலத் தொட்டியில் வேகம் குறைந்தது. "எடுத்துக்கொள்ளச் சொன்னவர்" என்று படித்துவிட்டு நின்றுவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஓதி."

"கையெழுத்து சரியா புரியல மேடம்."

என் கையெழுத்து புரியவில்லையாம். என் வாழ்க்கையில் யாரும் குறை சொல்லாத ஒன்று உண்டென்றால் அது என் கையெழுத்து. காது இரண்டும் சூடாகிவிட்டது.

"நான் படிக்கட்டுங்களா?" என்றேன்.

தாளை அவர் கையிலிருந்து எடுத்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனால் கடைசி எழுத்து வரை படித்தேன். நாற்காலி வரி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. செக்யூரிட்டி கையிலிருந்த ஃபோமை முதுகுப் பக்கம் கொண்டுபோனார்.

மேடம் எழுந்து நேராகக் கேட்டுக்குப் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். நாற்காலியைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார்.

"இதுவும் அதே நம்பர்தானே?"

"அது... முன்னாடி ஷிப்டு ஆளு கட்டுனது மேடம்" என்றார் செக்யூரிட்டி.

மேடம் உள்ளேயிருந்து ஒரு என்ஜினீயரை வரவழைத்தார். அவர் பேட்டரியையும் பில்லையும் பார்த்தார், கையில் தூக்கிப் பார்த்தார். "நம்ம செல் சைஸே இதுக்குள்ள போகாது மேடம்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷத்தை நேற்றே செய்திருக்கலாம். என்னை வரிசைக்கு முன்னால் நிற்க வைப்பதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

"சரி, நீங்க வேலைக்குப் போங்க" என்றார் மேடம். அவ்வளவுதான். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருவர் சொல்லவில்லை. பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஃபோமைத் தரவில்லை. அது கம்பெனிப் பொருளாம்.

மெமோ வரவில்லை, வேலையும் போகவில்லை. நான்கு நாள் கழித்து அந்தச் செல் பெட்டி ஸ்டோரிலேயே வேறு ரேக்கில் கிடைத்தது. அதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேன்டீனில் பக்கத்து மேசையில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீலத் தொட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். "ஒருத்தரால எல்லாருக்கும் போச்சு" என்று ஒரு பெண் என் காதில் விழும்படி சொன்னாள். சூப்பர்வைசர் என்னைப் போல்ட் வேலையிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டி மடிக்கும் இடத்தில் போட்டார். எட்டு வருஷத்தில் நான் முடுக்கிய ஒரு போல்ட்கூடத் தளர்ந்து திரும்பி வந்ததில்லை. இப்போது அட்டை மடிக்கிறேன். இதை நினைத்து வருகிற கோபத்துக்கு இடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

பேட்டரி திரும்பக் கிடைத்த அன்று வீட்டில் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பழையபடி மூன்று விரல், இரண்டு விரல் இடைவெளி. என்ன வைப்பது? தெர்மாகோல் பொடியாகும், துணி நசுங்கும். வாசலில் என் பழைய ரப்பர் செருப்பு கிடந்தது, நீலப் பட்டை, குதிகால் தேய்ந்தது. எடுத்து அளந்தேன். வாரைப் பிடுங்கிவிட்டு அரிவாள்மனையில் நறுக்கினேன். ஃபோமைவிட நன்றாகப் பிடித்தது.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பையா வெக்கறீங்க?"

"அளவு சரியா இருக்குது."

"அளவுக்காகத்தானா?"

அளவுக்காகத்தான் எடுத்தேன். மறுநாள் கேட்டுக்கு வரும்வரை வேறு எண்ணம் இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு, போகலாம் என்று கையை ஆட்டினார். நான் போகவில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, இறங்கி, சாவியால் பக்க மூடியைத் திறந்து நின்றேன்.

"அதான் போகச் சொன்னேன்ல" என்றார்.

நான் நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்தது, ஹாரன் அடித்தார்கள். அவர் எட்டிப் பார்த்தார். பேட்டரியின் மூன்று பக்கமும் செருப்பு. என் பாதத்தின் தடம் பதிந்த பக்கம் வெளியே தெரிந்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வேறு ஒரு பலகை போட்டுக் கட்டிய நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சரிங்க, பாத்துட்டேன். போங்க."

மூடியைச் சாத்தினேன், பூட்டினேன், ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். முதல் தொடுதலிலேயே கிளம்பியது. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் அப்படித்தான் செய்கிறேன். அவர் குனிந்து பார்க்கும் வரை மூடியைச் சாத்துவதில்லை.